வளைவும் வளைவும் சேர்ந்தால் மூலை எப்படி வரும்?

கேள்வி: கோத்தகிரியிலிருந்து ஒரு மாணவர், ஜூலை 4, மாலை 6.20

எம்-3 (இன்ஜினியரிங் மூன்றாவது கணிதத் தாள்) அரியர், இரண்டாவது முறை. ஃபூரியர் தொடர், அதாவது திரும்பத் திரும்ப வரும் அலையைச் சைன் அலைகளின் கூட்டலாக எழுதுவது, அந்தக் கணக்கு போடத் தெரியும். ஏ-நாட், ஏ-என், பி-என் என்ற கெழுக்களை எல்லாம் இன்டக்ரேட் செய்து விடையும் கொண்டுவந்துவிடுவேன். நம்பிக்கைதான் வரவில்லை. சைன் அலையில் ஓரிடத்திலும் மூலை கிடையாது. எத்தனை சைனைக் கூட்டினாலும் வழவழப்போடு வழவழப்புதானே சேர்கிறது? அப்புறம் மேலும் கீழும் சட்டென்று தாவுகிற சதுர அலையின் செங்குத்துச் சுவர் எங்கிருந்து முளைக்கிறது? இது புத்தகத்துக்குள் மட்டும் நடக்கிற வித்தை என்பது என் கருத்து. கண்ணால் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஜூலை 4, இரவு 9.40

கண்ணால் பார்த்தவன் நான். குன்னூரில் இன்வெர்ட்டர், ஸ்டெபிலைசர், ஆம்ப்ளிஃபையர் பழுது பார்க்கும் கடை. டிப்ளமோ முடித்து முப்பது வருடம் ஓடிவிட்டது. கணக்கில் பாதி துருப்பிடித்துவிட்டது, ஸ்கோப் (அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்) மட்டும் தினமும் எரிகிறது.

தம்பி, சதுர அலைக்குப் பக்குவம் இது. அடிப்படை சைன் ஒன்று. அதன் மூன்று மடங்கு அதிர்வெண்ணில், மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இன்னொன்று. ஐந்து மடங்கில், ஐந்தில் ஒரு பங்கு. ஏழு மடங்கில், ஏழில் ஒரு பங்கு. இப்படியே போகவேண்டியது. மொத்தத்தையும் 4/பை, அதாவது 1.273 ஆல் பெருக்கினால் +1க்கும் −1க்கும் இடையே தாவுகிற அலை. முதல் சைன் தனியாக நிற்கும்போது உருண்டைக் குன்று. மூன்றாவது வந்து உச்சியை அமுக்கி, இரண்டு தோள்களையும் தூக்கிவிடும். ஐந்தாவது வந்து அந்தப் பள்ளத்தை நிரப்பும். பக்கச் சரிவு ஒவ்வொரு தடவையும் செங்குத்தாகிக்கொண்டே போகும்.

நம்பாதவர்களுக்கு ஒரு சோதனை. சிக்னல் ஜெனரேட்டரை 1000 ஹெர்ட்ஸ் சதுர அலைக்கு வைத்து, வெளியீட்டை ஒரு காயிலும் ஒரு கெப்பாசிட்டரும் சேர்ந்த சுற்றுக்குள் விடுங்கள். சுற்றை 3000க்கு ட்யூன் செய்தால் திரையில் 3000 ஹெர்ட்ஸ் சைன் வந்து நிற்கும். போட்டது சதுரம், எடுத்தது சைன். 2000க்கு ட்யூன் செய்தால் ஏறக்குறைய வெறும் கோடு. 5000க்கு வைத்தால் மறுபடி சைன், முன்னதைவிடக் குள்ளமாக. உள்ளே இல்லாதது வெளியே வருமா?

மூலைக்கு வருகிறேன். பத்து சைன் சேர்த்ததும் சுவர் முனையில் சின்னக் கொம்பு ஒன்று தெரியும். இன்னும் சேர்த்துக்கொண்டே போனால் கொம்பு தேய்ந்துவிடும், மூலை வந்துவிடும். கிப்ஸ் கொம்பு என்று அதற்குப் பெயர். என் ஸ்கோப்பிலேயே பார்த்திருக்கிறேன்.

ஜூலை 4, இரவு 10.05

கரண்ட் போய்விட்டது, மொபைலில் எழுதுகிறேன். இரட்டைப்படை மடங்குகள் ஏன் இல்லை என்று சொல்ல விட்டுப்போனது. சதுர அலையின் கீழ்ப்பாதி என்பது மேல்பாதியை அப்படியே கவிழ்த்தது. அரைச் சுற்று நகர்த்திப் பாருங்கள்: 1, 3, 5 எல்லாம் குறி மாறும். 2, 4, 6 மாறாது. அலை முழுக்கக் குறி மாறவேண்டிய இடத்தில் மாறாத ஆளுக்கு என்ன வேலை?

வீட்டு இன்வெர்ட்டர் பழைய சதுர அலை ரகம் (ஊருக்கெல்லாம் நல்லதாகப் போட்டுக் கொடுக்கிறேன், என் வீட்டில் இது). கோயம்புத்தூர்க்காரர்கள் ஃபேன் இரைச்சல் என்பார்கள். குன்னூரில் ஃபேன் யார் போடுகிறார்கள், இங்கே டியூப்லைட் சோக்குதான் சாட்சி. இப்போது உறுமிக்கொண்டிருக்கிறது. அந்த உறுமலில் கேட்பது 150ம் 250ம்தான்.

ஜூலை 5, காலை 7.15

150 என்றது தப்பு. விடிந்ததும் உறைத்தது. காந்தம் தகட்டை இழுக்க மின்னோட்டத்தின் திசை தேவையில்லை. ஒரு சுற்றில் இரண்டு இழுப்பு. அதனால் 50 ஹெர்ட்ஸில் சோக் போடும் ரீங்காரம் 100. 50ம் 150ம் கலந்து வந்தால் சோக்கிலிருந்து கிளம்புவது 100, 200, 300. உறுமலின் கடுமைக்குக் காரணம் ஹார்மோனிக்தான், அதாவது அந்த 3, 5 மடங்கு அலைகள். எண்களை மட்டும் தவறாகச் சொல்லிவிட்டேன்.

ஜூலை 5, இரவு 9.00

நாள் முழுக்க மழை, கடையில் ஈ கூட இல்லை. மகளின் லேப்டாப்பை வாங்கி எக்செல்லில் சைன்களை வரிசையாகக் கூட்டினேன். சுவரை ஒட்டிய உச்சியின் உயரத்தை மட்டும் குறித்தேன். வரவேண்டியது 1.

ஒரு சைன்: 1.273. இரண்டு: 1.200. மூன்று: 1.188. பத்து: 1.180. சரி, தேய்கிறது என்று காப்பி குடிக்கப் போனேன். வந்து ஐம்பது போட்டேன்: 1.179. நூறு: 1.179. சூத்திரத்தில் தப்போ என்று இரண்டு தடவை சரிபார்த்தேன்.

கொம்பு தேயவில்லை. நேற்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். உயரம் அப்படியே நிற்கிறது, அகலம் மட்டும் சுருங்குகிறது. பத்து சைன் போட்டபோது உச்சி சுவரிலிருந்து 9 டிகிரி தள்ளி இருந்தது. ஐம்பதுக்கு 1.8 டிகிரி. சுவரை நோக்கி நகர்ந்துகொண்டே போகிறதே தவிர குனிய மாட்டேன் என்கிறது.

அப்படியானால் தம்பி சொன்னது பாதி சரி. எண்ணி முடிக்கக்கூடிய அளவு சைன்களைக் கூட்டினால் அந்த மூலை வராது. மீதிப் பாதி இது: சுவரை விட்டு எவ்வளவு கொஞ்சம் தள்ளி விரல் வைத்தாலும் சரி, சைன்கள் கூடக்கூட ஒரு கட்டத்தில் கொம்பு விரலைத் தாண்டிச் சுவர்ப் பக்கம் போய்விடும். விரல் வைத்த இடத்தில் கூட்டல் 1ஐ நோக்கிப் போகும். சுவர் மேலேயே விரல் வைத்தால்? 0. மேலுக்கும் கீழுக்கும் நடுப்புள்ளி. எல்லா சைனும் அந்த இடத்தில் பூஜ்யம்தானே. இதையெல்லாம் எந்தெந்த அலைக்கு உறுதியாகச் சொல்லலாம் என்று 1829ல் கட்டுக்கோப்பாக நிறுவியவர் டிரிக்லே என்ற கணிதவியலாளர். உங்கள் எம்-3 புத்தகத்தில் ‘டிரிக்லே நிபந்தனைகள்’ என்று இரண்டு மதிப்பெண் கேள்வியாக வருபவர் அவர்தான்.

ஜூலை 5, இரவு 11.10

கொம்பு 9 சதவீதம் என்று படித்ததாகவும், நான் 18 காட்டுவதாகவும் ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டும் ஒன்றே. அலை −1லிருந்து +1க்குத் தாவுகிறது, தாவல் 2. மிஞ்சுவது 0.179. தாவலோடு ஒப்பிட்டால் 9க்குச் சற்றுக் குறைவு, உயரத்தோடு ஒப்பிட்டால் 18. பரீட்சையில் எதன் சதவீதம் என்று எழுதிவிடுங்கள்.

கொம்புக்குப் பெயர் கொடுத்த கிப்ஸ் கதை எனக்கு ஆறுதலாக இருக்கிறது. 1898ல் மைக்கேல்சன் என்ற இயற்பியலாளர் 80 ஹார்மோனிக்குகளைக் கூட்டி வரைகிற ஒரு பல்சக்கர இயந்திரம் செய்தார். அதையொட்டிக் கிளம்பிய சண்டையில் கிப்ஸ் நேச்சர் இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார், அதில் கொம்பையே விட்டுவிட்டார். 1899ல் திருத்தி இன்னொரு கடிதம் போட்டார். இதில் வேடிக்கை, வில்பிரகாம் என்பவர் 1848லேயே இதைக் கண்டுபிடித்து எழுதிவைத்திருந்தார். யாரும் கவனிக்கவில்லை. கிப்ஸுக்கே ஒரு திருத்தக் கடிதம் தேவைப்பட்டது என்றால் குன்னூர் மெக்கானிக்குக்கு இரண்டு மூன்று தேவைப்படாதா?

ஜூலை 7, ஞாயிறு

தம்பியின் கேள்விக்கு வயது இருநூறுக்கு மேல். ஃபூரியர் 1807ல் வெப்பம் பரவுவது பற்றிய கட்டுரையைப் பாரிஸ் அறிஞர்கள் முன் வைத்தபோது, மறுத்தவர்களில் ஒருவர் கணித மேதை லக்ராஞ்சு. அவருக்கும் இதே உறுத்தல்தான்: இந்தக் கூட்டலால் எந்த வடிவத்தையும் எழுதலாம் என்றால் எப்படி நம்புவது? புத்தகம் வெளிவர 1822 ஆயிற்று. ஆகவே அரியர் வைத்ததற்கு வெட்கப்படவேண்டாம், நல்ல ஆட்களோடுதான் நிற்கிறீர்கள்.

இன்னொன்று. ஃபூரியர் அப்போது முழுநேரக் கணித வாத்தியார் இல்லை. ஆல்ப்ஸ் மலைகள் சூழ்ந்த கிரெனோபிளில் நெப்போலியன் நியமித்த அதிகாரி, நம் கணக்கில் மலை மாவட்டக் கலெக்டர். சதுப்பு நிலத்தை வடியவைப்பது, மலைப்பாதை போடுவது அவர் வேலை. கோத்தகிரிக்காரருக்குச் சொல்லவேண்டியதில்லை, கன்னேரிமுக்கில் நினைவகம் இருக்கிறதே அந்தக் காலக் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவனுக்கு, அந்த மாதிரி. ஃபூரியரின் புத்தகம் வந்த 1822லேயே சல்லிவன் ஊட்டியில் கல் பங்களா கட்ட ஆரம்பித்திருந்தார். இரண்டுக்கும் தொடர்பு எதுவும் இல்லை, எனக்கு இப்படிப் பொருத்திப் பார்ப்பதில் ஒரு சந்தோஷம்.

வெப்பத்திலிருந்து ஏன் கிளம்பினார் என்பது முக்கியம். ஒரு இரும்பு வளையத்தில் பாதியைச் சூடாக்கி, மறுபாதியை ஆறவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். சூட்டின் வரைபடம் சதுர அலை. இதைச் சைன்களாகப் பிரித்துவிட்டால் ஒவ்வொன்றும் தன் போக்கில் தேய்கிறது. மூன்றாவது ஹார்மோனிக், முதலாவதைவிட 9 மடங்கு வேகமாக. ஐந்தாவது 25 மடங்கு. கூர்மைகள்தான் முதலில் சாகின்றன. சீக்கிரமே வளையத்தில் மிஞ்சுவது ஒரே ஒரு சைன்.

ஜூலை 8, இரவு

எக்செல் தாளை மூட மனம் வரவில்லை. சுவரை விட்டுவிட்டு, மேல்தளத்தின் நடுப்புள்ளியில் (90 டிகிரி) என்ன ஆகிறது என்று பார்த்தேன். 1.273, 0.849, 1.103, 0.922... ஏறி இறங்கி ஏறி இறங்கி 1க்கு வருகிறது, ரொம்ப மெதுவாக. அந்த இடத்தில் சைன்கள் எல்லாம் +1, −1, +1 என்று மாறி மாறி நிற்பதால் மிஞ்சுவது 1 − 1/3 + 1/5 − 1/7... அதன் கூட்டல் பை/4 ஆக இருந்தால்தான் மேல்தளம் 1ல் நிற்கும்.

இந்தத் தொடரை ஐரோப்பாவில் லைப்னிட்ஸ் பெயரில் சொல்வார்கள். அவருக்கு மூன்று நூற்றாண்டு முன்னால், நம் மலைக்கு மேற்கே இறங்கினால் வருகிற கேரளத்தில், சங்கமகிராம மாதவர் என்ற கணிதவியலாளர் இதை அறிந்திருந்தார். அதைவிட அழகு, இது மெதுவாக வருவதையும் கவனித்து, எங்கே நிறுத்தினாலும் கடைசியில் சேர்த்துக்கொள்ள ஒரு திருத்த உறுப்பு அவர் மரபில் கொடுத்திருக்கிறார்கள். சுலபமானது இது: நான்கு உறுப்போடு நிறுத்தினால், அடுத்த உறுப்பாக 1/16ஐக் கூட்டு. 0.7238 + 0.0625 = 0.7863. பை/4 என்பது 0.7854. நூற்றுக்கணக்கில் கூட்டி வரவேண்டிய இடத்துக்கு நாலே உறுப்பில் வந்தாயிற்று. ராத்திரி பதினோரு மணிக்குத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 10

‘இதனால் காசு பிரயோஜனம் உண்டா’ என்று கேட்டவருக்கு.

கடைகளில் ‘மாடிஃபைடு சைன் வேவ்’ என்று இன்வெர்ட்டர் விற்கிறார்களே, அது சதுர அலையின் நடுவே கொஞ்ச நேரம் பூஜ்யத்தில் உட்காரவைத்தது. எவ்வளவு நேரம் என்பதில்தான் சூட்சுமம். ஒவ்வொரு அரைச் சுற்றின் இரு முனையிலும் 30 டிகிரி சும்மா விட்டால் மூன்றாவது ஹார்மோனிக் அடியோடு காணாமல் போகும், 9, 15ம் கூடவே போகும். 45 டிகிரி விட்டால், முதலாவதோடு ஒப்பிட மூன்றாவது பழையபடி மூன்றில் ஒரு பங்கு. பதினைந்து டிகிரி வித்தியாசம்! அப்படியானால் எல்லோரும் 30 வைக்கலாமே என்றால், உச்ச வோல்டேஜ் 325ம் மீட்டரில் 230ம் இரண்டும் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் 45தான் வரும். ஒன்றைக் கொடுத்தால்தான் ஒன்று.

அடுத்தது ஒரு தேயிலை ஃபாக்டரி. நியூட்ரல் ஒயர் சுடுகிறது என்று கூப்பிட்டார்கள். லைட்டுகளை எல்.ஈ.டி.க்கு மாற்றிய பிறகு வந்த வினை, அவை இழுக்கும் மின்னோட்டத்தில் மூன்றாவது ஹார்மோனிக் நிறைய. மூன்று ஃபேஸிலும் சமமான சுமை, ஆளுக்கு 11 ஆம்பியர். நியூட்ரலில் ஒன்றும் ஓடக்கூடாது. கிளாம்ப் மீட்டர் 14 காட்டுகிறது. அங்கிருந்த எலக்ட்ரீசியன் என்னை ஒரு மாதிரி பார்த்தார், மீட்டரை மாற்றி வைத்தும் 14. காகிதத்தில் போட்டுப் பார்த்தால் ஒரு வரிதான். ஃபேஸ்கள் ஒன்றுக்கொன்று 120 டிகிரி தள்ளி நிற்கின்றன, அதனால் 50 ஹெர்ட்ஸ் அடித்துக்கொண்டு போய்விடுகிறது. மூன்றாவது ஹார்மோனிக்குக்கு அந்த 120 என்பது 360, அதாவது தள்ளவே இல்லை. மூன்று ஃபேஸின் 150 ஹெர்ட்ஸும் கை கோத்துக்கொண்டு நியூட்ரலில் இறங்குகிறது. தடிமனான நியூட்ரல் ஒயர் இழுத்துக் கொடுத்தேன். பணம் இன்னும் வரவில்லை. அதற்கு ஃபூரியரிடம் வழி இல்லை.

ஜூலை 13

மழையில் மலை ரயில் ஓடாத நாள், அதனால் மலை ரயிலைப் பற்றி. கல்லாறிலிருந்து குன்னூர் வரை நடுவில் பல் தண்டவாளம் இருக்கிறது அல்லவா, அது ஒரு வரிசை இல்லை, இரண்டு. ஒன்றின் பல்லுக்கு நேராக மற்றதன் பள்ளம். ஆப்ட் முறை என்பார்கள். எந்த நேரமும் சக்கரப் பல் எதிலாவது கடித்துக்கொண்டிருக்கவேண்டும் என்பதற்காக.

சின்ன வயதில் ரன்னிமேடு பக்கம் ரயில் ஏறும்போது கேட்கிற அந்தக் கடகடப்பை நினைத்துப் பாருங்கள். ஒரு வரிசை தருகிற அலையும், அதே அலை அரைச் சுற்றுத் தள்ளியும் கூடுகின்றன. 4ஆம் தேதி இருட்டில் எழுதினேனே, அரைச் சுற்று நகர்த்தினால் 1, 3, 5 குறி மாறும் என்று. இங்கே அவை எல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காலி. மிஞ்சுவது 2, 4, 6. சதுர அலைக்கு நேர் எதிர். பல் எண்ணிக்கையைப் போல இரண்டு மடங்கு அதிர்வெண் காதுக்கு வரும், ஒவ்வொரு அதிர்ச்சியும் பாதி வலுவில். இரண்டு வரிசையும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால். எங்கே தேய்ந்திருக்கப் போகிறது, அதனால் ஒற்றைப்படை கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும்.

ஜூலை 14

தேவாலய மணி ஓசையை இப்படிப் பிரிக்கலாமா என்று கேள்வி. பிரிக்கலாம், ஆனால் 1, 2, 3 என்ற மடங்குகளில் உட்காராது. மணியில் 1.2 மடங்கு ஒன்று உண்டு, அந்தச் சோகம் அதனால்தான். வெறும் தோல் மேளமும் அப்படி, 1, 1.59, 2.14 என்று போகும். திரும்பத் திரும்ப ஒரே வடிவம் வராத அலைக்கு இந்தத் தொடர் பொருந்தாது. மிருதங்கத்தின் நடுவில் கரணை (கருப்புச் சாந்து வட்டம்) வைப்பதால் அந்த மடங்குகள் முழு எண்களுக்கு இழுக்கப்படுகின்றன என்று 1920ல் சி.வி. ராமன் எழுதினார். அதனால்தான் மிருதங்கத்துக்கு சுருதி சேர்க்க முடிகிறது.

ஜூலை 16

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

முதல் நாள் ‘என் ஸ்கோப்பில் கிப்ஸ் கொம்பைப் பார்த்திருக்கிறேன்’ என்றேன். எக்செல் படத்தையும் ஸ்கோப் திரையையும் இன்று பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எக்செல்லில் கொம்பு சுவருக்கு இரண்டு பக்கமும் இருக்கிறது. தாவுவதற்கு முன்பே அலை நெளிகிறது, தாவிய பிறகும் நெளிகிறது. என் ஸ்கோப்பில் தாவிய பிறகு மட்டும்தான். யோசித்தால் நியாயம், தாவப்போவது ஒயருக்கு முன்கூட்டி எப்படித் தெரியும்?

ஸ்கோப்பின் ப்ரோப் (சுற்றில் தொட்டுப் பார்க்கும் முனை) தலையில் ஒரு குட்டித் திருகாணி உண்டு, ப்ரோபின் கெப்பாசிட்டரை ஸ்கோப்புக்கு ஒத்துப்போக வைப்பதற்கு. அதைப் பிளாஸ்டிக் திருப்புளியால் கால் சுற்றுத் திருப்பினேன். கொம்பு அப்படியே படிந்து தட்டையானது. எதிர்ப்பக்கம் திருப்பினால் மூலை மழுங்குகிறது. கடைக்கு வருகிற பாலிடெக்னிக் பையன்களுக்கு இத்தனை வருடமாகக் கிப்ஸ் என்று நான் காட்டிக்கொண்டிருந்தது சரிசெய்யாத ப்ரோபை. அவர்களில் யாராவது இதைப் படித்தால் மன்னிக்கவும்.

ட்யூன் செய்து 3000 ஹெர்ட்ஸ் எடுத்த சோதனை மட்டும் பழுதில்லை. அதைத் திரும்பச் செய்து பார்த்துவிட்டேன்.

ஜூலை 29

பரீட்சையில் முக்கோண அலை வந்ததாகத் தம்பி எழுதியிருக்கிறார், போட்டுவிட்டாராம். ‘அண்ணா, அதில் கொம்பைக் காணோமே’ என்று கேட்கிறார்.

இன்று மதியம் கூட்டிப் பார்த்தேன். ஒற்றைப்படை மடங்குகள்தான், ஆனால் பங்கு 1, 1/9, 1/25, 1/49, குறி மாறி மாறி, மொத்தமும் 8/பை² ஆல் பெருக்கவேண்டும். உச்சி 1ஐத் தொடவேண்டும். நான்கு சைனுக்கு 0.950. பத்துக்கு 0.980. தாண்டவே இல்லை, கீழேயிருந்து ஏறி வருகிறது. கூர் முனை தெளிவாக உருவாகிறது.

ஆக 5ஆம் தேதி ‘மூலை வராது’ என்றேனே, அங்கே என்னைப் படுத்தியது மூலை இல்லை, தாவல். முக்கோணத்தில் மூலை இருக்கிறது, தாவல் இல்லை. தொடர் எந்தச் சிரமமும் இல்லாமல் கொண்டுவந்து கொடுக்கிறது. தம்பியின் முதல் கேள்வியிலேயே மூலை, சுவர் என்று இரண்டு சொல் இருந்தது, நான்தான் இரண்டையும் ஒன்றாகப் படித்துவிட்டேன்.

லேப்டாப்பை மகள் திரும்பக் கேட்கிறாள். ஃபைல் வேண்டுமென்றால் சொல்லுங்கள் தம்பி, பென் டிரைவில் போட்டு கோத்தகிரி பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன்.